68,000 ரூபாய் போச்சு: "சென்சார் டெஸ்ட் பண்ணின கேமரா"ன்னு சொன்னா நம்பாதீங்க

மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பழைய கேமரா வாங்கலாம்னு யோசிச்சிட்டிருக்கிற போட்டோகிராபர்கள் இதைப் படிச்சிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. கோவத்துல எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன். கடைப் பேரு சொல்ல மாட்டேன். பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விக்கிற கடை, அவ்வளவுதான். புகார் கொடுக்கப் போறேன். அதுக்குள்ள பேரைப் போட்டு, அவன் என் மேல கேஸ் போட வழி பண்ணிக் கொடுப்பானேன்?

வாங்கினது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், செகண்ட் ஹேண்ட். விலை 68,000. என் பொழப்பு பாதி இருட்டுலதான். அழகர் எதிர்சேவை ராத்திரி, ஆத்துல இறங்குற விடியக்காலை, மண்டபத்துல நாலரை மணி முகூர்த்தம். வெளிச்சத்தைப் படமா மாத்துற சில்லுதான் சென்சார். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், என்கிட்ட இருந்த ஏபிஎஸ்-சிங்கிற சின்ன சைஸ் சென்சாரைவிட பரப்பளவு ரெண்டு மடங்குக்கு மேல. அதே செட்டிங்ல அவ்வளவு கூடுதல் வெளிச்சம் சேரும், நாய்ஸ், அதாவது படத்துல தெரியுற குருணை, குறையும். அதுக்காகத்தான் இவ்வளவு காசு.

கடைக்காரத் தம்பி டீ வரவழைச்சான். "அண்ணே, மத்த கடை மாதிரி இல்ல, நாங்க சென்சாரை டெஸ்ட் பண்ணித்தான் விக்கிறோம்"னு ஒரு ஏ4 தாளை நீட்டினான். மேல "சென்சார் டெஸ்ட் ரிப்போர்ட்", கீழ கடை சீலு. சென்சார் நாய்ஸ் 98%, ரெசல்யூஷன் (நுணுக்கம் எவ்வளவு தெளிவாத் தெரியுதுங்கிறது) 97%. அப்புறம் மானிட்டர்ல ரெண்டு படம் காட்டினான். ஒன்னு ஐஎஸ்ஓ 6400ல, அதாவது இருட்டுக்காக வெளிச்ச உணர்திறனை நல்லா ஏத்தி வச்சு எடுத்த கோயில் தூண். யாளி வாய்க்குள்ள இருக்கிற இருட்டுகூட மழமழன்னு சுத்தமா இருந்துச்சு. இன்னொன்னு டெஸ்ட் சார்ட், கோடெல்லாம் கத்தி மாதிரி. "என் கார்டைப் போட்டு நாலு ரா எடுத்துக்கிறேன் தம்பி"ன்னேன். ரான்னா கேமரா மெருகேத்தாம அப்படியே சேமிக்கிற மூலப் படம். "பேட்டரி இறங்கிப் போச்சுண்ணே, இப்பத்தான் சார்ஜுல போட்டேன். ரிப்போர்ட்டே கையில இருக்கே. ஏதாச்சும் கோளாறுன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க, இதே டேபிள்ல பணத்தை எண்ணி வைக்கிறேன், மீனாட்சி மேல சத்தியம்"னு நெஞ்சுல கை வச்சான். அம்மன் பேரைச் சொன்னவன்கிட்ட மேல என்னத்தப் பேச? யுபிஐல 68,000 அனுப்பிட்டேன்.

முதல் வேலை திருமங்கலத்துல ஒரு கல்யாணம். ஐஎஸ்ஓ 3200. வீட்டுக்கு வந்து ராவைத் திறந்தா, பொண்ணோட அரக்குப் பட்டு மடிப்புக்குள்ள இருட்டா இருக்கிற இடத்துல எல்லாம் படுக்கை வாக்குல கோடு. சடையில ஜவ்வந்திக்குக் கீழ கருப்பு முடி மேல ஊதாவும் பச்சையுமா பட்டை பட்டையா ஓடுது. கொஞ்சம் வெளிச்சம் ஏத்தினா இன்னும் பளிச்சுனு தெரியுது.

மறுநாளே போய் நின்னேன். "மண்டபத்துல எல்இடி லைட்டுண்ணே, ஃப்ளிக்கர் ஆகும், அதான் கோடு"ன்னான். எல்இடியால கோடு விழும், அது உண்மைதான். அதனால லென்ஸ் மூடியை மாட்டி அவன் கண்ணு முன்னாடியே எடுத்துக் காட்டினேன். வெளிச்சமே இல்லாத படத்துல அதே கோடு. "அப்ப லென்ஸா இருக்கும்"னான். மூடி போட்டிருக்கேன்டா, லென்ஸ் எங்கிட்டு வந்துச்சு! அப்புறம், "ஹை ஐஎஸ்ஓன்னா நாய்ஸ் வரத்தானண்ணே செய்யும், நீங்க சீனியர், உங்களுக்குத் தெரியாததா?"

பாதி உண்மையைச் சொல்லி ஏமாத்துறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். நாய்ஸ் வரும், யாரு இல்லேன்னா? வெளிச்சம் ஃபோட்டான் ஃபோட்டானா சிதறித்தான் வந்து விழுது. சென்சார்ல அது எலக்ட்ரானா மாறும். ஒரு பிக்சல்ல 10,000 எலக்ட்ரான் சேர்ந்தா ஏத்த இறக்கம் 100 இருக்கும், அதாவது நூத்துல ஒரு பங்கு. இருட்டுல வெறும் 100 சேர்ந்தா ஏத்த இறக்கம் 10, பத்துல ஒரு பங்கு. அதனாலதான் எந்தக் கேமராவா இருந்தாலும் நிழல்ல குருணை தெரியும். ஆனா அந்தக் குருணை படத்துக்குப் படம் இடம் மாறும். இந்தக் கோடு மாறவே இல்ல. காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கிற என் ஃப்ரெண்டு, மூடி போட்டு எடுத்த 16 படத்தை கம்ப்யூட்டர்ல சராசரி எடுத்தான். இடம் மாறுற நாய்ஸ் நாலுல ஒரு பங்காக் குறைஞ்சிருச்சு, கோடு மட்டும் எடுப்பா நின்னுச்சு. அது சென்சார் பக்கத்துக் கோளாறு.

கடையில காட்டின அந்த ரெண்டு படத்தையும் வாட்ஸ்அப்ல வாங்கி வச்சிருந்தேன். அதையும் அந்த பிசிக்ஸ் ஃப்ரெண்டே நோண்டிப் பார்த்தான். தூண் படம் 1800க்கு 1200 பிக்சல்தான்! கேமரா எடுக்கிறது 6000க்கு 4000. அதாவது கடைக்காரன் பதினோரு பிக்சலைப் பிசைஞ்சு ஒன்னாக்கியிருக்கான். அதுலயே நாய்ஸ் மூணுல ஒரு பங்குக்குக் கீழ போயிரும், அதுக்கு மேல நாய்ஸ் ரிடக்‌ஷன் வேற. யாளியோட பல்லு வரி எல்லாம் மெழுகு. சார்ட் படம் ஐஎஸ்ஓ 100ல எடுத்தது, ஷார்ப்னஸை ஏத்தி வச்சிருக்கான், கருப்புக் கோட்டு ஓரத்துல வெள்ளை விளிம்பு தெரியுது. நாய்ஸுக்கு ஒரு படம், ரெசல்யூஷனுக்கு வேற படம்! படத்தை மழமழன்னு ஆக்குனா நாய்ஸ் குறையும், ஷார்ப்னஸ் ஏத்துனா ரெசல்யூஷன் கூடுன மாதிரி தெரியும். ஒரே ஃபைல்ல ரெண்டையும் காட்டச் சொன்னா சாயம் வெளுத்துரும். ரெசல்யூஷன் அளக்க ஐஎஸ்ஓ 12233னு (இது கேமரா ஐஎஸ்ஓ செட்டிங் இல்ல) ஒரு சர்வதேச தரமுறையே இருக்கு. லேசாச் சாய்ஞ்ச கருப்பு வெள்ளை விளிம்பைப் படமெடுத்து, கருப்புல இருந்து வெள்ளைக்கு எத்தனை பிக்சல்ல மாறுதுன்னு பார்த்துக் கணக்குப் போடுவாங்க. அதுல எங்க இருக்கு 97%? நாய்ஸ் 98%ன்னா நாய்ஸ் இருக்குன்னு அர்த்தமா, இல்லேன்னு அர்த்தமா? ரிப்போர்ட் அடிச்சவனுக்கே தெரியாது.

இதைச் சொன்னதுக்கப்புறம் "ஓனர் சென்னைல இருக்காரு." அடுத்து "கம்பெனி சர்வீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க." அதுக்கப்புறம் ப்ளூ டிக்கு மட்டும்தான். கேமரா மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டினேன். அடித்தட்டு ஸ்க்ரூ தலையைத் தடவிப் பார்த்துட்டு, "தேஞ்சிருக்கு பாருங்க, இதை ஏற்கனவே யாரோ கழட்டியிருக்காங்க. சென்சார் போர்டை மாத்தாம சரியாகாது"ன்னுட்டார். 68,000 கொடுத்து வாங்கினதுக்கு மேல இன்னொரு செலவா? கல்யாண வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

சரி, சொல்றேன்னு சொன்னதைச் சொல்லிடுறேன். உங்க கார்டு, உங்க பேட்டரி கொண்டு போங்க, ரா எடுங்க. மூடி போட்டு ஐஎஸ்ஓ 6400ல நாலஞ்சு எடுத்து 100% பெருசாக்கிப் பாருங்க, ஒரே இடத்துல கோடோ புள்ளியோ திரும்பத் திரும்ப வந்தா எந்திரிச்சு வந்துருங்க. வாட்ஸ்அப் படத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஸ்க்ரூவைப் பாருங்க. பில்லுல சீரியல் நம்பர் கட்டாயம் எழுதச் சொல்லுங்க, எனக்குக் கொடுத்ததுல "கேமரா 1"ன்னுதான் இருக்கு. இந்த மாதிரி மாட்டிக்கிட்டவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் கொடுக்கலாம், கடை எந்த ஊருல இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் பீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். நான் திங்கக்கிழமை கொடுக்கிறேன், 68,000 ரூபாயும் வட்டியும் கேட்டு.