எஃப் கோட்டுக்கு மேலே

இந்த முறை மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போனதில் முழுதாக நாலு நாள் அப்பாவின் காருக்கே போய்விட்டது. குறையாகச் சொல்லவில்லை. உறவுக்காரர் வீடுகளில் உட்கார்ந்து "எப்போ வந்தே, எப்போ திரும்பறே" என்று கேட்டுக்கொண்டிருந்ததைவிட அந்த நாலு நாள் நன்றாகவே போனது.

வந்திறங்கிய மறுநாள் காலை உறையை உருவி, சாவியைத் திருகினேன். டக் டக் டக் என்று மட்டும் சத்தம். மீட்டர் விளக்குகள் மங்கி அணைந்தன. அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "வண்டியை எடுத்து நாலு மாசம் ஆச்சு, ஆனா தினமும் கதவைத் திறந்து உள்ளே பாத்துட்டுத்தானேடா இருக்கேன்?" என்றார். அதுதான் விஷயம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்விளக்கு எரியும், வண்டியின் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். ஓடாத வண்டியின் பேட்டரி அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும்.

பேட்டரிக் கடைக்குப் போன் போட்டதும் ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் டூவீலரில் மீட்டரோடு வந்துவிட்டான். நான் இருக்கும் நாட்டில் இதற்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, அரை நாள் காத்திருக்க வேண்டும். மீட்டரில் 11.8 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி, வண்டி ஓடாமல் சும்மா நிற்கும்போது சுமார் 12.6 காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் கிட்டத்தட்ட காலி. உடனே புதுசு வாங்கச் சொல்வான் என்று நினைத்தேன். "சார்ஜ் போட்டுப் பாப்போம் சார், செத்துதான் போச்சுன்னு இப்பவே சொல்ல முடியாது" என்று கழற்றி எடுத்துப் போனான். மறுநாள் கொண்டுவந்து மாட்டினான். சும்மா இருக்கும்போது 12.5, ஆனால் செல்ஃப் அடித்தால் 8 வோல்ட்டுக்குச் சரிந்தது. அப்போதுதான் மாற்றச் சொன்னான். புதுசைப் போட்டு, இன்ஜின் ஓடும்போது 14.2 வருவதைக் காட்டி, "ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் ஏத்துது, அதுல கோளாறு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் எடுத்தான், மாட்டும்போது அதைக் கடைசியில் போட்டான். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் எங்காவது பட்டு நெருப்புப் பறக்கும். சொல்லாமலே சரியாகச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி.

அடுத்தது சர்வீஸ். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. போன சர்வீஸுக்கு அப்புறம் ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பத்தாயிரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்பது அவர் கணக்கு. கையேட்டை எடுத்து அந்த அட்டவணையைக் காட்டினேன். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது பன்னிரண்டு மாதம், எது முதலில் வருகிறதோ அது. அந்த இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. உண்மையில் குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் இன்ஜின் எண்ணெய் சீக்கிரம் கெடும். கடைத்தெரு வரை போய்த் திரும்பினால் எண்ணெய் முழுச் சூட்டுக்கு வராது. எரியும்போது உண்டாகும் நீராவியும், எரியாமல் தப்பிய பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். நாளடைவில் அமிலம் சேரும். நெடுஞ்சாலையில் ஓடித் தள்ளுகிற வண்டியின் எண்ணெய்க்கு இந்தத் தொல்லை குறைவு.

வண்டியை ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டோம். பெயர் வேண்டாம். வரவேற்பு பிரமாதம். சொன்ன நேரத்துக்கு டிரைவர் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போனார். கீறல்களைப் படம் பிடித்து, கிலோமீட்டரைக் குறித்து, ஜாப் கார்டு போனுக்கே வந்துவிட்டது. அப்புறம் அட்வைசர் அழைத்தார். இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், எண்ணெயோடு கலக்கும் ஒரு திரவம் என்று மூன்றைச் சொல்லி, "வண்டி வயசுக்கு இதெல்லாம் பண்ணிடறது நல்லது சார்" என்றார். கையேட்டின் அட்டவணையில் மூன்றுமே இல்லை. வேண்டாம் என்றதும் குரலில் கொஞ்சம் வருத்தம். இதில் ஊரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் இருக்கும் இடத்திலும் எண்ணெய் மாற்றப் போனால் ஒவ்வொரு முறையும் ஏர் ஃபில்டரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவார்கள்.

சாயங்காலம் வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. மறுநாள் காலை, எதற்கும் இருக்கட்டும் என்று பானெட்டைத் திறந்தேன்.

ஆயில் பார்ப்பதெல்லாம் பெரிய வித்தை இல்லை, ஆனால் தப்பாகப் பார்ப்பது ரொம்பச் சுலபம். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஓடி வந்த வண்டியாக இருந்தால் அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், மேலே தெறித்த எண்ணெய் கீழே தொட்டிக்கு இறங்கட்டும். எண்ணெய்க்குள் செருகியிருக்கும் அளவுகுச்சியை (டிப்ஸ்டிக்) முதலில் உருவும்போது தெரிகிற அளவை நம்பக் கூடாது. குழாயின் உள்சுவரில் ஒட்டியிருப்பதெல்லாம் குச்சியில் இழுபட்டு வரும். துடைத்து, திரும்ப அடி வரை செருகி, மறுபடி உருவினால்தான் நிஜம். குச்சியைக் கிடைமட்டமாகவோ நுனி கீழே இருக்கும்படியோ பிடிக்க வேண்டும். நுனியை மேலே தூக்கினால் எண்ணெய் கைப்பக்கம் வழிந்து கணக்கு தப்பும்.

அப்பா வண்டியின் குச்சியில் எல் (லோ, குறைவு), எஃப் (ஃபுல், நிறைவு) என்று இரண்டு கோடு. இரண்டுக்கும் நடுவே எங்கே இருந்தாலும் சரிதான். புது எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்ததால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் விளிம்பு தெரிந்தது. எஃப் கோட்டைத் தாண்டி, இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதி அளவுக்கு மேலே நின்றது. மறுபடி துடைத்துப் பார்த்தேன். மூன்றாம் தடவையும் பார்த்தேன். அதே இடம்தான்.

பில்லை எடுத்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கையேட்டின்படி இந்த இன்ஜினுக்கு ஃபில்டரையும் சேர்த்து 3.1 லிட்டர். பில்லில் 3.5 லிட்டர் கேன். காசு வாங்கிய கேனை மிச்சம் வைப்பானேன் என்று முழுதாகக் கவிழ்த்திருக்கிறார்கள். போன் செய்தேன். "கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதான் சார்" என்றார் அட்வைசர். நல்லது இல்லை. அளவுக்கு மேல் ஏறினால் கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயில் மோதிக் கடையும். மோர் கடைந்தால் நுரை வருவதுபோல் எண்ணெயும் நுரைக்கும். பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் குறையும், தேய வேண்டாதது தேயும். குறைவாக இருந்தால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகமானாலும் முடிவு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

திரும்ப அங்கே கொண்டுபோக மனமில்லை. அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்குப் போனோம். ஒரே ஷெட், ஒரு மெக்கானிக், ஒரு உதவிப் பையன். மெக்கானிக் குச்சியை உருவினார், தோளில் கிடந்த வேஸ்ட் துணியில் துடைத்தார், செருகி உருவிப் பார்த்தார். ஒரு சொட்டைக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தேய்த்து முகர்ந்தும் பார்த்தார்.

"ஒரு நானூறு மில்லி கூட இருக்கு தம்பி. ஒரு நாள்ல ஒண்ணும் ஆகிடாது. ஆனா எடுத்துடலாம்."

"கீழ போல்ட்டைக் கழட்டி விடணுமாண்ணே?"

"இதுக்குப் போயா? அதைத் தொட்டா வாஷர் மாத்தணும். நசுங்குன வாஷரைத் திரும்பப் போட்டா கசியும்."

பையன் உள்ளேயிருந்து ஒரு பெரிய சிரிஞ்சும் மெல்லிய ரப்பர் குழாயும் கொண்டுவந்தான். குச்சி போகும் ஓட்டை வழியாகவே குழாயை இறக்கி, ஊசி போடும் டாக்டர் மாதிரி பொறுமையாக இழுத்தார். சுத்தமான ஒரு பாட்டிலில் விட்டு, துடைத்துப் பார்த்து, திரும்ப இழுத்து, அளவு எஃப் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்ததும் நிறுத்தினார். பாட்டிலை மூடி என் கையிலேயே கொடுத்தார். "புது ஆயில். குறைஞ்சா ஊத்திக்கோங்க." அப்பா அதை ஏதோ பரிசுப்பொருள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

பட்டறையில் பேச நேரம் இருந்தது. எண்ணெய் கறுத்தால் கெட்டுவிட்டது என்பது அப்பாவின் நாற்பது வருட நம்பிக்கை. மெக்கானிக் சிரித்தார். "கறுக்குதுன்னா அழுக்கைத் தன்கிட்ட எடுத்துக்குதுன்னு அர்த்தம் ஐயா. டீசல் வண்டியில புது ஆயில் ரெண்டே நாள்ல கறுத்துடும்." பயப்பட வேண்டியது கறுப்புக்கு இல்லை. குச்சியிலோ மூடியின் அடியிலோ பால் கலந்த மாதிரி வெளுத்துக் கொழகொழவென்று இருந்தால்தான். குறைந்த ஓட்டத்தில் மூடியில் மட்டும் கொஞ்சம் படிந்தால் அது வெறும் ஈரத்தால் வந்ததாக இருக்கலாம். குச்சியிலும் அப்படியே இருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், இரண்டும் கலக்காமல் இன்ஜினுக்குள் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. நான் வசிக்கும் பனி ஊரில் என் வண்டிக்கு 0டபிள்யூ-20 எண்ணெய். அப்பா வண்டிக்கு 5டபிள்யூ-30. நம்முடையதுதான் உசத்தியோ என்ற எண்ணத்தில் "இதுக்கும் அதையே ஊத்தினா என்னண்ணே?" என்று கேட்டேன். "கையேட்டுல போட்டிருக்கா?" என்றார். இல்லை. "அப்போ வேணாம்." அவ்வளவுதான் விளக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்வதும் இதைத்தான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35 டிகிரியிலும் 5டபிள்யூவை மைனஸ் 30-லும் வைத்து, அந்தக் குளிரில் இன்ஜின் சுற்றுமா என்று சோதிப்பார்கள். பின்னால் வரும் 20, 30 என்ற எண், 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. பனியே பார்க்காத வண்டிக்கு முதல் எண்ணைப் பற்றிக் கவலையே இல்லை. இரண்டாவது எண்ணை நம் இஷ்டத்துக்கு மாற்றினால்தான் வம்பு.

அவரே போகிற போக்கில் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். மூடியில் டாட் 4 என்று திரவத்தின் ரகம் எழுதியிருந்தது. உள்ளே திரவம் பழுப்பேறிக் கிடந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கு நினைவில்லை, பழைய பில்களிலும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அது 155 வரை இறங்கிவிடலாம். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறி உள்ளே ஆவி கிளம்பினால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி அதே அட்டவணையில் அச்சடித்திருக்கிறது. சர்வீஸ் சென்டர்காரர்கள் அட்டவணையில் இல்லாத மூன்றை விற்கப் பார்த்தார்கள், இருக்கிற ஒன்றை விட்டுவிட்டார்கள். எண்ணெய் நானூறு மில்லி ஏறியதைவிட இதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பில்லில் "ஏசி ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது" என்றும் ஒரு வரி. அன்று இரவு டாஷ்போர்டின் கையுறைப் பெட்டியை இரண்டு பக்கமும் அமுக்கி இறக்கி, பின்னால் இருந்த ஃபில்டரை உருவினேன். சருகு, கொசு, ஏதோ ஒரு பறவையின் சின்ன இறகு. மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

டயர் காற்றுக் கதை சுருக்கமாக. காற்றடிக்கும் இடத்தில் கேட்காமலே 40 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்தார் அந்த ஆள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் 33 என்று இருக்கிறது. காட்டியதும் மறுபேச்சில்லாமல் குறைத்தார். ஸ்டெப்னியில் 12-தான் இருந்தது. டயர் ஓரத்தில் டாட் எழுத்துகளுக்குக் கடைசியில் 1416 என்று நாலு இலக்கம். 2016-ஆம் வருடம் பதினான்காவது வாரம் செய்தது, வண்டியோடு வந்தது, தரையையே தொடாதது. பார்க்கப் புத்தம் புதுசாக இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறிவிட்டது. அப்பா அதை மாற்றச் சம்மதிக்கவில்லை. "ஓடாத டயரை எதுக்குடா மாத்தறது?" இந்த ஒரு சண்டையில் நான் தோற்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவைப் பானெட் முன் நிற்கவைத்து குச்சியை அவர் கையிலேயே கொடுத்தேன். உருவு, துடை, செருகு, உருவு. ரெண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டார். வாரம் ஒரு முறை வண்டியை எடுத்து அரை மணி நேரமாவது ஓட்டுவதாகவும், மாதம் ஒரு முறை ஆயில் பார்ப்பதாகவும் ஒப்பந்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கையில் குச்சி, பின்னால் பானெட். "லெவல் கரெக்டா இருக்கு" என்று கீழே எழுதியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லும் எஃப்பும் இருக்கிற இடத்தை அவர் கட்டைவிரல் முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.