சிக்குன்குனியாவுக்குப் பிறகு முடி கொட்டுதா? பேக்கேஜுக்குப் பணம் கட்டிடாதீங்க

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவங்க தயவுசெய்து முழுசாப் படிங்க.

சிக்குன்குனியா வந்துபோன என் தங்கச்சிக்கு மூக்கு மேல கருப்பு படிஞ்சுது. ரெண்டு மூணு மாசத்துல முடியும் கொத்துக்கொத்தா வர ஆரம்பிச்சுது. நாகர்கோவில்ல ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனா. டாக்டர் யாரும் பார்க்கல. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு, உதிர்ந்த முடி ஒண்ணை கேமராவுல பெருசாக்கி, "நுனியில வெள்ளைக் குமிழ் தெரியுதாக்கா? வேரே செத்து வெளிய வந்துட்டு. இப்படியே விட்டா வழுக்கைதான்"னு சொல்லியிருக்கு. பயந்துபோய் அங்கேயே அழுதிருக்கா. அந்தப் பயத்தை வச்சே 35,000 ரூபாய் பேக்கேஜ் எழுதி, பாதியை அட்வான்ஸா வாங்கிட்டாங்க.

பச்சைப் பொய். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல தோல் டாக்டர் விளக்கமாச் சொன்னாங்க. ஓய்வுக்குப் போன முடி, அதாவது வளர்றதை நிறுத்தின முடி, உதிரும்போது நுனி அப்படித்தான் இருக்கும். முடி முளைக்கிற குழி தோலுக்குள்ள பத்திரமா இருக்கு. கடுமையான காய்ச்சல்ல ஏராளமான முடி ஒண்ணா ஓய்வுக்குப் போயிடுது, அதான் மாசங்கள் கழிச்சு மொத்தமாக் கொட்டுது. பெரும்பாலும் ஆறு மாசத்துல தானா அடங்கி, புதுசா முளைக்கும். இரும்புச்சத்து, தைராய்டு ரெண்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு ஆத்திரம் அந்த கிளினிக்ல மூக்குக்குக் கொடுத்த க்ரீம் மேலதான். லேபிள் இல்லாத வெள்ளை டப்பா, மூடியில பிளாஸ்திரி ஒட்டி பேனாவால "நைட்"னு எழுதியிருக்கு. போட்ட புதுசுல முகம் பளிச்சுன்னு ஆச்சு. அப்புறம் கன்னமெல்லாம் சிவந்து குரு கிளம்பி, வெயில்ல இறங்கினாலே எரியுதுன்னா. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் மாதிரி இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. திடீர்னு நிறுத்தினாலும் முகம் பொங்குமாம்; அவங்க சொன்னபடி குறைச்சுட்டு வர்றோம். காய்ச்சல் விட்டுப்போன அந்தக் கருப்போ சில மாசத்துல தானா மங்குமாம், வெயில் படாமப் பார்த்துக்கிட்டாப் போதும். இதுக்கா அந்த க்ரீம்?

பணத்தைக் கேட்டா "அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது"ங்கிறாங்க. பில்லுல மருந்துப் பேரே இல்ல, "சர்வீஸ்"னு மட்டும் போட்டிருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. டப்பாவையும் பில்லையும் எடுத்து வச்சிருக்கோம், நீங்களும் தூக்கிப் போட்டுடாதீங்க.

ஆறு மாசம் தாண்டியும் கொட்டினாலோ, வட்டவட்டமாச் சொட்டை விழுந்தாலோ நேரா தோல் டாக்டர்கிட்ட போங்க. அரசு ஆஸ்பத்திரியில ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது.