சீரியலின் நடையை எதால் வரைவது?

அம்மா ராத்திரி பார்க்கும் சீரியலில் ஒரு எபிசோடு, விளம்பரம் போக 22 நிமிடம். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 33,000 படங்கள். கதை எனக்கு வேண்டாம். எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது என்பதை மட்டும் ஓர் அரூப ஓவியமாக்கித் திருபுவனத்து வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும்.

முதலில் வண்ணப்பட்டை. ஒவ்வொரு ஃபிரேமின் சராசரி நிறத்தையும் ஒரு மெல்லிய கோடாக்கி வரிசையாக அடுக்குவது. சுலபம், பார்க்கவும் அழகு என்பார்கள். எனக்கு வந்தது ஆடிப்பெருக்குப் புதுப்புனல் நிறம். பாதி எபிசோடு ஒரே ஹாலில் நடந்தால் வேறென்ன வரும்? இரண்டு விநாடி ஷாட்டும் இருபது விநாடி ஷாட்டும் ஒரே சேறுதான். வெளிச்சம் தெரிகிறது, வேகம் தெரியவில்லை.

2004இல் பிரெண்டன் டாஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் திரைப்படங்களுக்குச் செய்தது இன்னொரு வழி: விநாடிக்கு ஒரு ஃபிரேம், வரிசைக்கு 60, அதாவது ஒரு வரிசை ஒரு நிமிடம். நமக்கு 22 வரிசை. ஆனால் எட்டிப் பார்த்தால் மாமியார் முகம் தெரிந்துவிடுகிறது. அப்புறம் என்ன அரூபம்!

மூன்றாவது, வெட்டுகளை, அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களை, அளப்பது. பைசீன்டிடெக்ட் என்ற இலவச மென்பொருள், அடுத்தடுத்த ஃபிரேம்களின் நிறமும் வெளிச்சமும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்து, மாற்றம் வரம்பைத் தாண்டினால் அங்கே ஒரு வெட்டு என்று குறிக்கும். ஷாட்டின் நீளமே கோட்டின் அகலம். நடைக்கு இதுதான் சரி என்று நம்பினேன். நம் சீரியல் விட்டால்தானே? மருமகள் ஒரு வார்த்தை சொல்கிறாள். 'தொம்' என்று ஒரு சத்தம், வெள்ளை மின்னல், மாமியார் முகம். மறுபடி மின்னல், அதே முகம், இன்னும் கிட்டத்தில். மூன்றாவது தடவையும் அதே. மென்பொருளுக்கு ஒவ்வொரு மின்னலும் ஒரு வெட்டு. படத்தில் அந்த இடம் சண்டைக் காட்சி போல நெருக்க நெருக்கமாகக் கோடாக நிற்கிறது. கதையோ ஓர் அங்குலம் நகரவில்லை. ஷாட்டின் குறைந்தபட்ச நீளத்தைக் கூட்டினால் மின்னல் அடங்கும், ஆனால் நிஜமான குட்டி ஷாட்டுகளும் சேர்ந்து போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பட்டு நெசவுக்காரர் பார்த்துவிட்டு, "பாவு மட்டும் ஓட்டி வச்சிருக்கீங்க தம்பி, ஊடை எங்க?" என்றார். பாவு நெடுக்கு நூல், ஊடை குறுக்கு நூல். சுருக்கென்றது. வெட்டு பாவு என்றால், கதையில் புதிதாக ஒன்று நடப்பதுதான் ஊடை. அதை எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லவில்லை.

அவரிடமே டிசைன் போடும் கட்டத்தாள் ஒன்று வாங்கி, நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று எண் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். புதுசாக ஏதாவது தெரிய வரும்போது மட்டும் ஒரு புள்ளி. "ஏம்ப்பா, பென்சிலுக்கு வேலையே இல்லையே" என்று அலுத்துக்கொண்டார். 22 நிமிடத்துக்கு நான்கே புள்ளி.

கோடுகளின் அகலத்துக்கு மென்பொருளின் கணக்கு, நிறம் மாறுவதற்கு அம்மாவின் புள்ளி என்று இரண்டையும் சேர்த்தேன். என் ஓட்டு இந்தக் கலப்புக்குத்தான். அரக்கு நிறத்தில் ஏழு நிமிட அகலத்துக்கு ஒரு பாளம், அதற்குள் நூல் நூலாக நூற்றுக்கணக்கில் கோடுகள். பரபரப்பும் தேக்கமும் ஒரே இடத்தில்.

மாட்டிய அன்று அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த அரக்குப் பாளத்தில் விரலை வைத்தார். "இது அந்த மாடிப்படி சீன்தானே?"

அதேதான்.