407க்கு டர்போ இன்ஜின் மாற்றி மூன்று வருஷம்: டீசல் மிச்சமானதா?

என்னுடையது 2006 மாடல் டாடா 407 சின்ன லாரி. நாமக்கல்லில் முட்டை ஏற்றி திருச்சூரில் இறக்குவதுதான் பிழைப்பு. போக வர 540 கிலோமீட்டர், மாதம் எட்டு ட்ரிப். 2022 ஜூனில் பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, டர்போவும் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது) இன்டர்கூலரும் (அந்தக் காற்றைக் குளிரவைப்பது) உள்ள இன்ஜினை ஏற்றினேன். ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மைலேஜ் ஏறுச்சுங்களா?" ஏறியது. ஆனால் ஏறியதற்கு இன்ஜின்தான் காரணமா என்று கேட்டால் எனக்கே இப்போது சந்தேகம்.

முதலில் எந்த இன்ஜின் என்று சொல்லிவிடுகிறேன். 407இல் வரும் 497 என்பது நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 100, மொத்தம் 2,956 சிசி. பெரிய லாரியில் வந்த 697க்கும் பெயர் அதே கணக்கில்தான், ஆறு சிலிண்டர், 97 போர். என் வண்டியில் இருந்தது டர்போ இல்லாத 497. மாற்றியதும் அதே குடும்பம்தான், டர்போ உள்ளது. வேறு கம்பெனி இன்ஜினை ஏற்றலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. கியர்பாக்ஸ், மவுண்டிங், ஆர்டிஓ என்று மூன்று பக்கமும் இடிக்கும் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

செலவு: சேலம் பக்கம் ஒரு பழைய பார்ட்ஸ் கடையில் இன்ஜின் 78,000 ரூபாய். பிரித்துப் பார்த்து ரிங், பேரிங், வால்வு வேலை, கேஸ்கெட் எல்லாம் போட்டதில் 31,000. டர்போ சர்வீஸ் 9,000. ரேடியேட்டரும் இன்டர்கூலரும் 16,500. மவுண்டிங், சைலன்சர் பைப், ஹோஸ் வகையில் 14,000. கிளட்ச் செட் 9,500. கூலி 15,000. ஆக 1,73,000. பழைய இன்ஜின் 28,000க்குப் போனது. வண்டி 19 நாள் பட்டறையில் நின்றதில் ஐந்து ட்ரிப் போச்சு, அதில் 20,000. எல்லாம் கழித்துக் கூட்டினால் என் கையை விட்டுப் போனது 1,65,000.

அந்த 19 நாளில் ஆறு நாள் ஃபேனுக்கே போனது. புது இன்ஜின் முன்பக்கம் கொஞ்சம் நீண்டு நின்றதில் ஃபேன் ரேடியேட்டரை உரசும் நிலை. மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து இடையில் செருகிப் பார்ப்பார், தலையாட்டுவார், மறுபடி இன்ஜினைத் தூக்குவார். தீப்பெட்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு இடைவெளி வந்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினார். மவுண்டிங் மூன்று முறை வெட்டி ஒட்டப்பட்டது. இந்த வேலைக்கு எஸ்டிமேட் கொடுக்கிறவர்கள் யாரும் இந்த ஆறு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காகித வேலையையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவில் வருகிற சமாச்சாரம் இது. ஆர்டிஓவில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும். இன்சூரன்சுக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்ஜினுக்குப் பில் இல்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

சரி, மைலேஜுக்கு வருகிறேன். நான் பார்ப்பது டேங்க் டு டேங்க். பெருந்துறை தாண்டி ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்குமேல் குலுக்கி ஊற்ற விடமாட்டேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் நிரப்பி, வழியில் போட்டதையும் சேர்த்து நோட்டில் எழுதிவிடுவேன். வழியில் போடுவதும் எல்லையில் உள்ள வாளையாறுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டிலேயே. கேரளாவில் டீசல் நம்மைவிட விலை அதிகம், 2023 ஏப்ரலில் அங்கே 2 ரூபாய் செஸ் வேறு ஏறியது.

நோட்டில் 2021 வரை சராசரி லிட்டருக்கு 7.3 கிலோமீட்டர். இதை வைத்து ஒப்பிட்டால் தப்பாகிவிடும். அப்போது பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவில் குதிரான் மலை ஏற்றமும் அங்கே மணிக்கணக்கில் நிற்பதும் இருந்தது. சுரங்கப்பாதையில் ஒரு குழாய் 2021 ஜூலையிலும் அடுத்தது 2022 ஜனவரியிலும் திறந்தார்கள். அதற்கப்புறம் இன்ஜின் மாற்றும் வரைக்கும் உள்ள நாலு மாதத்தில் பழைய இன்ஜினே 7.5 கொடுத்தது. எனக்குப் பைசா செலவில்லாமல் கிடைத்த 0.2 அது.

இன்ஜின் மாற்றிய முதல் மாதம் 8.1தான் வந்தது. மனசு விட்டுப்போச்சு. தப்பு என் காலில் இருந்தது. பழைய இன்ஜினை அலறவிட்டு கியர் மாற்றியே பழகியவன் நான். டர்போ இன்ஜின் கீழ் சுற்றிலேயே இழுக்கும், அதனால் சீக்கிரமே மேல் கியர் போட்டுவிடலாம். இது பிடிபட ஒரு மாதம் ஆனது. அப்புறம் 8.7இல் நின்றது. இரண்டரை வருஷத்துக்கு மேலாக அதுதான் சராசரி.

மாதம் 4,320 கிலோமீட்டர். 7.5இல் 576 லிட்டர் ஆகும், 8.7இல் 497. மிச்சம் 79 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 7,350 ரூபாய் சொச்சம். 1,65,000 திரும்பிவர 22 மாதம். இடையில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸ் கிளிப் கழன்று, தூசி இழுத்து, டர்போ போனது. அதில் 11,500. ஆக இரண்டு வருஷத்தில் போட்ட முதல் கைக்கு வந்துவிட்டது.

இதோடு விட்டிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். என் மச்சானிடமும் அதே 2006 மாடல் 407தான், அதே ரூட்டு, அவரும் முட்டைதான். போன வருஷம் அவர் இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பைக் கழற்றி காலிபிரேஷன் செய்தார், அதாவது அந்த அளவைச் சரிபார்த்தார். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு நாசிலும் புதிது, ஏர் ஃபில்டர் புதிது. ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கைச் சரிசெய்து, வீல் அலைன்மென்ட் பார்த்து, டயர் காற்றை வாரம் ஒருமுறை பார்க்க ஆரம்பித்தார். எல்லாம் சேர்த்து 14,500. இன்ஜினைத் தொடவே இல்லை. 7.4 கொடுத்த வண்டி 8.2 கொடுக்கிறது.

என் இன்ஜின் ஏறியபோதும் பம்ப் காலிபிரேஷன் செய்து, புது நாசிலோடுதானே ஏறியது! பழைய இன்ஜின் ஏற்றத்தில் கக்கிய கரும்புகை முழுக்க சரியாக எரியாத டீசல். பம்ப் தேவைக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதையே சரிசெய்திருந்தால் எனக்கும் 8.2 வந்திருக்கும். அப்படிப் பார்த்தால் இன்ஜினுக்கென்று சேர்வது 8.2க்கும் 8.7க்கும் நடுவில் உள்ளது மட்டும்தான்: மாதம் 30 லிட்டர், 2,790 ரூபாய். 1,65,000இல் பம்ப் வேலைக்கான 14,500 போக மீதி ஒன்றரை லட்சம் அதில் திரும்ப நாலரை வருஷம் ஆகும். டர்போவுக்குக் கொடுத்த 11,500ஐ இதில் நான் சேர்க்கவே இல்லை.

மேஸ்திரி அன்றைக்கே சொன்னார். "தம்பி, மொதல்ல பம்பைக் கழட்டிப் பாத்துருவோமுங்க. இன்ஜின் எங்கயும் ஓடிப்போயிறாது." எனக்குத்தான் டர்போ ஆசை.

டீசலை விட்டுவிட்டுப் பார்த்தால் எனக்குக் குறையில்லை. லோடோடு ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்குவது குறைந்துவிட்டது. திருச்சூருக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறேன். விடியற்காலையில் இறக்கவேண்டிய சரக்குக்கு அது பெரிய விஷயம். கேபின் சூடு மட்டும் முன்னைவிட அதிகம். வண்டியை நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு டர்போவை ஆறவிட வேண்டும், க்ளீனர் பையனுக்கு இதை இன்னும் பழக்க முடியவில்லை.

பழைய இன்ஜின் கம்ப்ரஷன் போய், எப்படியும் பிரித்தே ஆகவேண்டிய நிலையில் இருந்தால் கணக்கு வேறு. அந்த ஓவராலுக்கே 50,000க்கு மேல் ஆகும், அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் பார்த்தால் மாற்றுவது கட்டுப்படியாகும். என்னுடையது அப்படி இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்.

கடைசி மூன்று ட்ரிப்பாக 8.3தான் வருகிறது. பாலக்காடு தாண்டி ஏற்றத்தில் சைடு கண்ணாடியில் லேசாகப் புகை தெரிகிறது. வர்ற திங்கட்கிழமை பம்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.