வெட்ட வேண்டாம் என்று சொன்ன கல் கடை

நாகர்கோவில் வடசேரிப் பக்கம், கல்லுக்குப் பட்டை தீட்டும் சின்னக் கடை. அப்பா வைத்திருந்த, பட்டை தீட்டாத கோமேதகம் இரண்டைக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் உடனே மெஷினைப் போடவில்லை, கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கல்லை முக்கி, கீழிருந்து டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார்; மேல் மினுமினுப்பு அடங்கியதும் பெரிய கல்லின் குறுக்கே ஓடிய விரிசல் எனக்கே தெரிந்தது. "தம்பி, இத வெட்டுனா ரெண்டாப் போயிரும், கூலி தண்டம்" என்றார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

சின்னது 9 காரட், அதாவது 1.8 கிராம், உள்ளே சுத்தம். தீட்டினால் பாதிக்கு மேல் தூளாகப் போகும் என்று முன்பே சொல்லிவிட்டார். அப்புறம் கையில் வந்தது 3 காரட்தான், ஆனால் தேன் நிறத்தில் அப்படி ஒரு ஒளி! ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தாராளமாகப் போகலாம், கல்லைக் கழுவி எடுத்துப் போங்கள்.