கெர்னல் கட்டமைப்பு: முழுசா, நறுக்கியதா?

64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிக்கு லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) மூல நிரலிலிருந்து தாமே தொகுப்பவர்கள் தடுமாறும் இடம் இது: டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையின்) கட்டமைப்புக் கோப்பை எடுத்து, அதை அப்படியே வைத்துப் புதிய தேர்வுகளுக்கு மட்டும் இயல்பு மதிப்பை நிரப்பும் ‘ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கட்டளையை ஓட்டுவதா, ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளை கொண்டு தேவையற்றதை நறுக்குவதா?

நேரம்: முன்னது ஆயிரக்கணக்கான மாட்யூல்களை, அதாவது டிரைவர் போன்ற, தனியே ஏற்றக்கூடிய கெர்னல் துண்டுகளைத் தொகுக்கும், என் பழைய மடிக்கணினியில் விடிய விடிய ஓடியது. பின்னது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

வட்டு இடம்: பின்னதற்கே வெற்றி.

நம்பகம்: இங்குதான் வினை. லோக்கல்மாட்கான்ஃபிக், அந்த நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். பென்டிரைவைச் செருகாமல் ஓட்டினேன்; புதிய கெர்னலில் அது வெறும் சாவிக்கொத்து அலங்காரமாகிவிட்டது. முன்னதில் இந்தக் கவலை இல்லை.

பல கணினிகளுக்கு ஒரே கெர்னல் வேண்டுமென்றால் முன்னது. ஒரே கணினியில் திரும்பத் திரும்பத் தொகுத்துச் சோதிப்பவருக்குப் பின்னது. பிரிண்டர், வெப்கேம் உட்பட எல்லாவற்றையும் செருகிவிட்டு ஓட்டுங்கள்.