தொடக்க வகுப்புக்கு எந்த ஸ்லைடு மென்பொருள்? பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ், இம்ப்ரெஸ் ஒப்பீடு

இந்த மூன்று மென்பொருள்களும் அலுவலகக் கூட்டத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. ஒருவர் பேசுவார், பெரியவர்கள் கேட்பார்கள், ஸ்லைடு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பாடம் அப்படி ஓடுவதில்லை. ‘எது பெரிய எண்?’ என்று கேட்டதும் ஒரு குழந்தை தவறான பதிலைச் சத்தமாகச் சொல்லும். அதைத்தான் அடுத்து எடுத்துப் பேச வேண்டியிருக்கும். அதனால் டெம்ப்ளேட் அழகுக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. குழந்தை சொன்னதற்கு ஏற்ப ஸ்லைடு நிற்குமா, திரும்புமா, வேறு பக்கம் போகுமா என்று மட்டும் பார்த்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆசிரியர் திரையில் காட்டிப் பாடம் நடத்த, கணினியில் நிறுவிய பவர்பாயிண்ட். குழந்தைகளே ஸ்லைடு செய்ய, கூகுள் ஸ்லைட்ஸ். உரிமத்துக்குப் பணம் இல்லை, இணையமும் நிச்சயமில்லை என்றால் லிப்ரெஆஃபிஸ் தொகுப்பில் வரும் இம்ப்ரெஸ், ஆனால் சில விஷயங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பவர்பாயிண்டை முன்னால் நிறுத்துவது ட்ரிக்கர். சாதாரண அனிமேஷன் வரிசையாகத்தான் வரும்: முதல் கிளிக்கில் முதல் பொருள், இரண்டாவது கிளிக்கில் இரண்டாவது. ட்ரிக்கர் வைத்தால், எந்தப் பொருளைத் தொடுகிறோமோ அதற்குரிய அனிமேஷன் மட்டும் ஓடும். 32 − 7 கணக்கை எடுத்துக்கொள்வோம். திரையில் பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு மூன்று, தனிக் குச்சி இரண்டு. கட்டுகளுக்கு செலக்ஷன் பேனில் (ஆல்ட் + எஃப்10) ‘கட்டு1’, ‘கட்டு2’, ‘கட்டு3’ என்று பெயர் வைக்க வேண்டும். இதைத் தாண்டிப் போனால் ட்ரிக்கர் பட்டியலில் ‘குரூப் 14’, ‘குரூப் 27’ என்று வந்து நிற்கும், எது எது என்றே தெரியாது. கட்டு1-க்கு எக்ஸிட் பிரிவில் ‘டிஸப்பியர்’ கொடுங்கள். அதே இடத்தில் பத்துத் தனிக் குச்சிகளை ஒரு குரூப்பாக வைத்து ‘அப்பியர்’ கொடுத்து, ‘வித் ப்ரீவியஸ்’ என்று மாற்றுங்கள். அனிமேஷன் பேனில் இரண்டு வரிகளையும் சேர்த்துத் தேர்ந்து, ட்ரிக்கர் → ஆன் கிளிக் ஆஃப் → கட்டு1. மற்ற இரண்டு கட்டுகளுக்கும் இதே வேலை. இப்போது குழந்தை எந்தக் கட்டைத் தொட்டாலும் அந்தக் கட்டு பிரிந்து பத்து ஒன்றுகளாகும். ‘கடன் வாங்குதல்’ என்று வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாதது, இரண்டு தொடுதலில் விளங்கிவிடும்.

இதைச் செய்த பலர் வகுப்பில் போய்த் திண்டாடுவது வேறொரு இடத்தில். குழந்தை கட்டைச் சற்றுத் தள்ளித் தொடும், ஸ்லைடு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும், வகுப்பே சிரிக்கும். டிரான்ஸிஷன்ஸ் பட்டியில் ‘ஆன் மவுஸ் கிளிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், வெற்றிடத்தைத் தொட்டால் எதுவும் நடக்காது. விசைப்பலகையின் அம்புக்குறி மட்டும் ஸ்லைடை நகர்த்தும். இன்னொன்று: நிறம் நிரப்பாத வடிவத்தின் நடுவில் தொட்டால் பவர்பாயிண்ட் அதைத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளாது. கண்ணுக்குத் தெரியாத பொத்தான் வேண்டுமானால் ஒரு நிறத்தை நிரப்பி, ஒளிபுகுதன்மையை 99 சதவீதத்துக்குக் கொண்டுபோங்கள். ‘நோ ஃபில்’ வேண்டாம்.

தமிழ்ப் பாடத்துக்கு உதவும் வசதிகள் இரண்டு. ஒன்று, மைக்ரோசாஃப்ட் 365 பதிப்பில் உள்ள ‘ரீப்ளே’ அனிமேஷன். டிரா பட்டியில் பேனாவால் ‘அ’ எழுதிவிட்டு இதைக் கொடுத்தால், எழுதிய அதே வரிசையில் கோடு திரும்ப ஓடும். எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டே காற்றில் விரலால் எழுதலாம். கால அளவை 5 வினாடி அளவுக்கு நீட்டுங்கள், இல்லையென்றால் சிறுவர் கண்ணுக்கு அது ஓட்டம். பேனாவை எடுத்து எடுத்து எழுதியிருந்தால் ஒவ்வொரு கோடும் தனிப் பொருளாக நிற்கும். அனிமேஷன் பேனில் இரண்டாவதிலிருந்து எல்லாவற்றையும் ‘ஆஃப்டர் ப்ரீவியஸ்’ ஆக்கினால் வரிசை கலையாது.

இரண்டாவது, மெர்ஜ் ஷேப்ஸ். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்புக்கு ஒரு நிறம், ‘க’வுக்கு ஒரு நிறம், துணைக்காலுக்கு ஒரு நிறம் கொடுக்க நினைக்காத தமிழாசிரியர் இருக்க மாட்டார். எழுத்தாக வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. முழு எழுத்தும் ஒரே துண்டாகத்தான் தேர்வாகும். வழி இது: எழுத்தை 200 புள்ளிக்கு மேல் பெரிதாக்குங்கள், அதை முழுக்க மூடும்படி ஒரு செவ்வகம் வரையுங்கள், இரண்டையும் தேர்ந்து ஷேப் ஃபார்மட் → மெர்ஜ் ஷேப்ஸ் → ஃப்ராக்மென்ட். எழுத்து துண்டு துண்டான வடிவங்களாகிவிடும். செவ்வகத்தின் மிச்சத்தையும் சுழிகளுக்குள் இருக்கும் ஓட்டைத் துண்டுகளையும் அழித்துவிட்டு, மீதிக்கு நிறம் கொடுக்கலாம், தனித்தனியே அனிமேஷனும் கொடுக்கலாம். ‘கி’, ‘கு’ போல் ஒட்டியே இருக்கும் எழுத்துகளில் குறி தானாகப் பிரியாது. அங்கே செவ்வகத்தின் ஓரத்தைக் குறி தொடங்கும் இடத்தில் சரியாக வைத்து வெட்ட வேண்டும். பத்து நிமிட வேலைதான், வருடக்கணக்கில் உதவும்.

எழுத்துரு பற்றித் தனியே ஒரு எச்சரிக்கை. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்திருந்தால் அந்த ஆபத்து இல்லை. விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா யூஐ அல்லது இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். விண்டோஸில் இல்லாத எழுத்துருவைப் பயன்படுத்தினால் ஃபைல் → ஆப்ஷன்ஸ் → சேவ் பகுதியில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ டிக் செய்யாமல் பென்டிரைவைக் கழற்ற வேண்டாம்.

எழுத்தின் அளவுக்கு ‘24 புள்ளி’, ‘30 புள்ளி’ என்று பொது விதி சொல்பவர்களை நம்ப வேண்டாம். திரையின் உயரமும் கடைசி பெஞ்சின் தூரமும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. வழக்கமான 16:9 ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளி. புரொஜெக்டர் படம் 120 செ.மீ. உயரம் என்றால் 36 புள்ளி எழுத்துக்குத் திரையில் கிடைக்கும் மொத்த உயரம் 8 செ.மீ.; 6 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது தாராளம். அதே ஸ்லைடு 65 அங்குல டிவியில் வந்தால் படத்தின் உயரமே சுமார் 81 செ.மீ.தான், எழுத்து 5.4 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். அங்கே 48 புள்ளிக்குக் குறைந்தால் பின்வரிசை கண்ணைச் சுருக்கும். கணக்குப் போட அலுப்பாக இருந்தால்: கடைசி இருக்கையின் தூரத்தைத் திரையின் உயரத்தால் வகுங்கள். அத்தனை மடங்கு உங்கள் லேப்டாப் திரையின் உயரத்துக்குப் பின்னால் தள்ளி நின்று, முழுத்திரையில் ஸ்லைடைப் படித்துப் பாருங்கள். சாதாரண 15.6 அங்குல லேப்டாப்புக்கு, மேற்சொன்ன புரொஜெக்டர் வகுப்பென்றால் சுமார் ஒரு மீட்டர்.

புரொஜெக்டர் கறுப்பு ஒளியைப் பாய்ச்சாது. ஜன்னல் திறந்த அறையில் கறுப்புப் பின்னணி வெளிறிய சாம்பலாகத்தான் விழும். இளமஞ்சள் அல்லது வெள்ளைப் பின்னணியில் கரும் எழுத்து, அவ்வளவே.

எழுதியிருப்பதையே வரிக்கு வரி வாசிப்பது கற்றலுக்கு உதவாது என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில், விரல் வைத்து வாசிப்பதே பாடமாக இருக்கும்போது இந்த விதியை அப்படியே சுமத்துவது தவறு. அறிவியலில் நீர்ச் சுழற்சி சொல்லும்போது படமும் ஆசிரியரின் குரலும் போதும். வாசிப்புப் பாடத்தில் வரி திரையில் இருக்கத்தான் வேண்டும். பேச வேண்டிய நேரம் வந்தால் ‘B’ விசையை அழுத்துங்கள், திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் விட்ட இடத்துக்கு வரும். இந்த மென்பொருளில் அதிகம் பயன்படுத்த வேண்டிய விசை இதுதான் என்று எங்களைக் கேட்டால் சொல்வோம்.

கூகுள் ஸ்லைட்ஸில் ட்ரிக்கர் கிடையாது. பவர்பாயிண்ட் கோப்பை ஏற்றினால் ட்ரிக்கரும் போய்விடும், ஒரு ஸ்லைடின் பொருள் அடுத்த ஸ்லைடில் நகர்ந்து உருமாறுவதுபோல் காட்டும் மார்ஃபும் போய்விடும். ஸ்லைடுக்கு ஸ்லைடு தாவும் இணைப்பு மட்டும் உண்டு. மூன்று விடைப் படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இணைப்பு, தவறான விடைக்குத் தனியாக ஒரு விளக்க ஸ்லைடு, அதிலிருந்து கேள்விக்குத் திரும்ப ஓர் இணைப்பு என்று கட்டலாம். தவறுக்கு வெறும் ‘மீண்டும் முயல்’ என்று போட்டு விடுபவர்களே அதிகம். 47-ஐ 74 என்று வாசித்த குழந்தைக்கு அதனால் என்ன லாபம்? அந்த இடத்தில் பத்துகளையும் ஒன்றுகளையும் படமாகக் காட்டுங்கள்.

கூகுள் ஸ்லைட்ஸின் பலம் குழந்தைகள் கையில். நகர்த்தி வைக்கும் பயிற்சிக்குக் காட்சி முறை வேண்டாம்; திருத்தும் முறையிலேயே படங்களை இழுத்து வைக்கட்டும். நகரக் கூடாத கட்டங்களையும் தலைப்பையும் தீம் பில்டரில் லேஅவுட்டின் (ஸ்லைடுக்கு அடியில் இருக்கும் அச்சு) மேல் வையுங்கள். இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலேயே யாராவது பின்னணியை இழுத்துக் கீழே தள்ளியிருப்பார்கள். ஆளுக்கொரு பிரதி கொடுக்க, இணைப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் ‘எடிட்’ என்று இருக்கும் சொல்லையும் அதற்குப் பின்னால் வருவதையும் அழித்து, ‘காப்பி’ என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினால் போதும். முழு வகுப்பும் ஒரே கோப்பில், ஆளுக்கொரு ஸ்லைடு என்பது பார்க்க அழகு, சிக்கலும் அதில்தான். ஒருவர் இன்னொருவரின் ஸ்லைடை அழித்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலையை மீட்கலாம்; ஆனால் முழுக் கோப்பும் பின்னோக்கிப் போய், இடையில் மற்றவர்கள் செய்ததும் தற்போதைய கோப்பிலிருந்து மறையும். பழைய நிலையைத் தனிப் பிரதியாக எடுத்து, அதிலிருந்து அந்த ஒரு ஸ்லைடை மட்டும் ஒட்டுவதே நல்லது. அழித்த குழந்தை அந்த நிமிடமே ‘அன்டூ’ செய்தால் இதுவும் தேவையில்லை.

இம்ப்ரெஸ் இலவசம், இணையம் வேண்டாம், பழைய கணினியிலும் ஓடும். தமிழ் அடிக்கும் முன் டூல்ஸ் → ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’டை இயக்கி, தமிழைத் தேர்ந்துவிடுங்கள், தமிழுக்குத் தனியாக எழுத்துரு குறிக்கும் வசதி அதன்பிறகே கிடைக்கும். பொருளைத் தொட்டால் வேறு ஸ்லைடுக்குத் தாவுவதும் ஒலி எழுப்புவதும் ‘இன்டராக்ஷன்’ என்ற பெயரில் இருக்கின்றன, ஒழுங்காகவும் ஓடுகின்றன. இதிலேயே கட்டி, இம்ப்ரெஸின் சொந்த வடிவமான ஓடிபி (.odp) கோப்பாகச் சேமித்து இதிலேயே ஓட்டினால் பெரிய குறையில்லை. வீட்டில் பவர்பாயிண்ட், பள்ளியில் இம்ப்ரெஸ் என்றால்தான் தலைவலி: வரி உடையும், அனிமேஷன் நேரம் மாறும். தொடுதிரைப் பேனலில் உள்ள ஆண்ட்ராய்டு செயலியில் கோப்பைத் திறப்பதும் இதே ரகம். முடிந்தவரை லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து அதிலிருந்தே காட்டுங்கள்.

இணையத்தில் வடிவமைக்கும் கருவியான கேன்வா சுவரொட்டிக்கும் படச் சீட்டுக்கும் அருமை. பாடம் ஓட்ட அதில் பிடிமானம் குறைவு.

பெற்றோருக்கு அனுப்பவோ மின்சாரம் போன நாளுக்கோ பிடிஎஃப் எடுத்து வைப்பவர்கள் கவனிக்க: அனிமேஷனால் மறைத்து வைத்த விடைகள் எல்லாம் பிடிஎஃப்பில் முதல் பார்வையிலேயே தெரியும், மேலே கண்ட குச்சிக் கணக்கில் கட்டும் பிரிந்த குச்சிகளும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகும். பிடிஎஃப் எடுக்கும் முன் கோப்பைப் பிரதி எடுத்து, அந்த ஸ்லைடுகளை மட்டும் ‘டூப்ளிகேட்’ செய்து, முதலாவதில் விடையை அழித்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.